பின்பாரம்

எங்கள் லாரியின் பின்பக்கத்தில் ஒரு ஜின் உட்கார்ந்திருக்கிறது என்று நான் நம்பினேன். இதைச் சொல்வதில் எனக்கு இப்போது வெட்கமில்லை. மீசை நரைத்த பிறகு ஒரு மனிதனுக்கு வெட்கப்பட வேறு விஷயங்கள் நிறையச் சேர்ந்துவிடுகின்றன. அதுவும் கண்ணாடிக் குப்பிக்குள் அடங்குகிற சில்லறை ஜின் இல்லை. நல்ல கனமான ஜின். பின்பலகையோரம் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, காற்று வாங்கியபடி எங்களோடு ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. அதன் எடைக்கு லாரியின் வால் தாழ்ந்து, மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. இப்படிக் கண்ணெதிரே சாட்சி நிற்கும்போது ஒரு பையன் நம்பாமல் என்ன செய்வான்?

அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவிடம் இருந்தது ஒரு பழைய பெட்ரோல் லாரி. வெள்ளைக்காரப் பட்டாளம் சண்டை முடிந்து போகும்போது விட்டுப்போனது என்று அத்தா சொல்வார். விட்டுப்போனதா, விட்டெறிந்ததா என்று அம்மா கேட்பாள். குடவாசலுக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் நெல், உரமூட்டை, செங்கல், கல்யாணப் பந்தலுக்குத் தென்னங்கீற்று என்று கிடைத்ததையெல்லாம் அது சுமந்தது. அதன் முன்பட்டைகள் செத்துப் பல வருஷங்களாகியிருந்தன. சக்கரத்துக்குப் பக்கத்தில் இரும்புத் தகடுகளை வில்லாக வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்களே, அதுதான் பட்டை. பள்ளத்தில் விழும்போது அந்த வில் அமுங்கி எழுந்து வண்டியைக் காப்பாற்றும். எங்கள் லாரியில் வில் நிமிர்ந்து கோலாகிவிட்டது. இடது பக்கம் ஒடிந்த தகட்டை அத்தா கம்பி சுற்றிக் கட்டியிருந்தார். அதனால் லாரி எந்நேரமும் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டே போகும். ஊரில் அதற்கு ‘சலாம் லாரி’ என்று பெயர்.

சின்னத்தாவால் இதைப் பொறுக்க முடியவில்லை. அத்தாவின் தம்பியான அவருக்கு எதையும் கழற்றத் தெரியும். திரும்ப மாட்டும்போது மட்டும் இரண்டு நட்டு மிஞ்சும். கேட்டால், “கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா வச்சு அனுப்பியிருக்கான்” என்பார். ஒருநாள் திருச்சிக்குப் போனவர், காயலான் கடையிலிருந்து முன்பட்டை செட் ஒன்றை மாட்டுவண்டியில் போட்டு ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார். பழையதைக் கழற்றி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தியபோது பழையது வாழைமட்டையாகத் தட்டையாய்க் கிடந்தது. புதியது பெருநாள் பிறைபோல வளைந்திருந்தது.

அத்தா குனிந்து பார்த்தார். “தகடு கூட இருக்கேடா?”

“கூட இருந்தா நல்லதுதானேண்ணே. தாங்கும்.”

“இது எந்த லாரிதுடா?”

“ஓடுற லாரிதுதாண்ணே.”

“ஓடினது காயலான் கடைக்கு ஏன்டா வந்துச்சு?”

சின்னத்தா ஏற்கெனவே லாரிக்கு அடியில் போய்விட்டிருந்தார். ஒரு பகல் முழுவதும் ஜாக்கியும் ரயில்வே கட்டைகளும் சம்மட்டியுமாக வேலை நடந்தது. சாயங்காலம் எல்லோரும் கூடி நின்று பார்க்க, அவர் பிஸ்மி சொல்லி ஜாக்கியை இறக்கினார். ஜாக்கி இறங்கிவிட்டது. லாரி இறங்கவில்லை. மூக்கு இருந்த இடத்திலேயே நின்று எங்களைக் குனிந்து பார்த்தது.

அத்தா டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டார். “பட்டை சாகறதுக்கு முன்னாடி நாலு விரல் நுழையும். இப்பப் பூனை நுழையும்போலருக்கு” என்றார். அவர் சொன்னது பூனைக்குக் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பூனைக்கு அதுதான் படுக்கை.

மறுநாள் டீக்கடையில், கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்காரர் ஒருவர் லாரியைப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார். “இத்தனை வருஷமாக் கும்பிட்டுக் கிடந்த லாரி. நம்ம ஆட்சி வந்துச்சு, பாருங்க பாய், வண்டிக்கே சுயமரியாதை வந்துடுச்சு!”

அத்தா கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு, “மூக்குக்கு மட்டும்தான் வந்திருக்கு தம்பி. வாலு இன்னும் கும்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கு” என்றார்.

சுயமரியாதை வந்த லாரியை ஓட்டுவது சுலபமாக இல்லை. பானெட்டுக்கு மேலாகப் பாதை தெரியாததால் அத்தா இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்து ஓட்டினார். ஸ்டியரிங் ஆட்டுக்கல்லாகக் கனத்தது. ஹெட்லைட்டைப் போட்டால் தென்னை மரத்துக் குரும்பைகளை எண்ணலாம், எதிரே வருகிற மாட்டைத்தான் பார்க்க முடியாது. எப்போது தணியும் என்று அத்தா தினமும் கேட்டார். சின்னத்தாவும் தினமும் ஒரே பதிலைச் சொன்னார். “புதுப் பட்டைண்ணே. உட்காரணும்.”

அது உட்காருவதற்காக நாங்கள் உட்கார்ந்தோம். பம்பர்மேல் மணல் மூட்டைகளை ஏற்றி இரண்டு நாள் நிறுத்திவைத்தார். அப்புறம் தெருப்பிள்ளைகள் எல்லோரையும் பானெட்டில் ஏற்றிக் குதிக்கச் சொன்னார். எங்களுக்குப் பெருநாள் மாதிரி இருந்தது, பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவையும் கூப்பிட்டார். “நான் உட்கார்ந்து அமுங்கலைன்னா உங்க அண்ணன் சிரிப்பார். அமுங்கிடுச்சுன்னா ஊரே சிரிக்கும். போங்க வேலையைப் பார்த்துக்கிட்டு” என்று சொல்லி அம்மா உள்ளே போய்விட்டாள். கடைசியில் சின்னத்தாவும் ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும் இரண்டு பக்கத்திலும் இரண்டிரண்டு தகட்டை உருவிவிடுவது என்று முடிவாயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை, நட்டுக் கழற்றும் சாவிகளையெல்லாம் சாக்கில் பரப்பிவைத்துச் சின்னத்தா கைலியை மடித்துக் கட்டிய நேரத்தில்தான் குத்தகைக்காரர் வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அப்பன் மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர். இவர் அதே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பல வருஷமாகப் பயிர் செய்துவந்தார். ஓய்ந்த நாட்களில் எங்கள் லாரியில் மூட்டையும் ஏற்றுவார். குத்தகைக்காரனை லேசில் நிலத்தைவிட்டு எழுப்ப முடியாதென்று அப்போது சட்டம் சொன்னது. மிராசுதார் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ‘குத்தகையாவது ஒன்றாவது, கூலிக்கு வைத்திருந்தேன், விளைந்ததெல்லாம் என் நெல்’ என்று சொல்லிவிட்டார். குறுவை அறுத்து, அடித்து, தூற்றி, நெல் களத்தில் குவிந்து கிடந்தது. அதை மிராசுதார் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டால் குத்தகைக்காரர் வீட்டில் தை மாதம்வரை அடுப்பு எரியாது. அதைவிட மோசம், விளைச்சலை வாய் பேசாமல் விட்டுக்கொடுத்தவன் கூலிக்காரன்தான் என்றாகிவிடும். நெல் போனால் நிலமும் போயிற்று.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. குத்தகைக்காரர் சட்டையில்லாமல் தோளில் துண்டோடு வந்து நின்றார், அவர் முகம் காய்ச்சல்காரன் முகமாக இருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

“ஞாயித்துக்கிழமை போலீசோட வண்டி வருதாம் பாய்” என்றார் அத்தாவிடம். “அதுக்குள்ள யாரும் எடுத்துடக் கூடாதுன்னு மிராசுதாரோட காரியஸ்தர் நாளைக்கு ஆள் போடுறார். உள்ளூர்ல எவனும் வரமாட்டேன்னுட்டான். கீழ்வேளூர்ப் பக்கத்துலேருந்து கூட்டியார்றாராம்.”

“எங்க நிக்கப் போறாங்க?”

“மிராசுதார் வீட்டு வாசல் வழியை விட்டா, களத்துலேருந்து வெளிய வர ரெண்டே வழிங்க. ரோட்டு மதகு ஒண்ணு. எங்க தெருப்பக்கம் வாய்க்கால்ல தென்னைமரம் போட்ட பாலம் ஒண்ணு. ரெண்டுலயும்தான்.”

அத்தா திரும்பி லாரியைப் பார்த்தார். பிறகு, “லாரி களத்துக்கு வந்து ஏத்தினா மதகுல மறிச்சுக் கொளுத்திடுவான். உங்க நெல்லும் போகும், என் லாரியும் போகும். என்ன செய்யச் சொல்றீங்க?” என்றார்.

“ஏத்தச் சொல்லலீங்க பாய். கேட்டுப் பார்த்தேன்.”

அம்மா டீ கொடுத்தனுப்பினாள். அத்தா உள்ளே போய்விட்டார். குத்தகைக்காரர் டம்ளரோடு குந்தி உட்கார்ந்து, எங்கள் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க லோடு பாய்?” என்றார் சின்னத்தாவிடம்.

“லோடா? காலி வண்டிங்க.”

“காலியா!”

எழுந்து போய் லாரியை ஒரு சுற்றுச் சுற்றினார். தூரப் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து சின்னத்தாவின் பக்கத்தில் குந்தி, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். ‘காரியஸ்தர்’ என்ற சொல்லும், ‘எட்டத்துலேருந்து பார்த்தே மூட்டைக் கணக்குச் சொல்லுவாராம்’ என்பதும்தான் என் காதில் விழுந்தன. சின்னத்தா பின்பலகையைப் பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தவர் சின்னத்தா. காய்ச்சல்காரர் முகத்திலும் கொஞ்சம் தெளிவு வந்தது. அவர் போனதும் சின்னத்தா பரப்பிவைத்த சாவிகளை ஒவ்வொன்றாகச் சாக்குக்குள் போட்டுக் கட்டிவிட்டார்.

“தகடு உருவலையா சின்னத்தா?”

“வேணாம்.”

“அப்ப ஏன் பின்னாடி தணிஞ்சே நிக்குது?”

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். என் காதுக்குக் கிட்டே வந்தார். “பின்னாடி ஆள் உட்கார்ந்திருக்கு.”

நான் எட்டிப் பார்த்தேன். “யாரும் இல்லையே?”

“நீ பார்த்தாத் தெரியற ஆளா இருந்தா, லாரி தணியற அளவுக்கு எடை இருக்குமா?”

இந்தத் தர்க்கத்தில் என்ன ஓட்டை என்று எனக்கு இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியாது. “ஜின்னா?” என்றேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். “யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. சொன்னேன்னா அது அங்கேருந்து இறங்கி உன் பக்கத்துல வந்து உட்கார்ந்துக்கும்.”

அன்று சாயங்காலமே நான் ஜின்னோடு சமாதானம் பேசிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்த பிஸ்கட்டில் பாதியைப் பின்பலகைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் ஓடிவந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பிஸ்கட்டைக் காணோம். அடுத்த வீட்டு ஆடு லாரிக்குப் பக்கத்தில் உதட்டை நக்கிக்கொண்டு நின்றது. ஆட்டின்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

சனிக்கிழமை பகல் மூன்று மணி இருக்கும். கிழக்கே மழை கறுத்துக்கொண்டிருந்தது. சின்னத்தா லாரியின் பின்பக்கத்தைப் படுதா போட்டு மூடி, ஒரு கயிறு போதுமான இடத்தில் நான்கு கயிறு போட்டு இறுக்கினார். “வாடா, ஒரு சவாரி போயிட்டு வரலாம்” என்றார் என்னிடம்.

“மழை வருதே, பையன் எதுக்கு?” என்றாள் அம்மா.

“துணைக்கு அண்ணி.”

அத்தா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மெதுவாப் போ” என்றார்.

வர மாட்டேன் என்று நான் தூணைக் கட்டிக்கொண்டேன். காரணத்தைச் சொல்ல முடியாத பிடிவாதத்தை எந்த வீட்டில் மதிப்பார்கள்? தூணிலிருந்து என்னைப் பிரித்து முன்சீட்டில் வைத்தார். நான் முதுகைப் பின்னால் சாய்க்காமல், சீட்டு நுனியில், எனக்கும் ஜின்னுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு தகரம்தான் என்ற நினைப்போடு உட்கார்ந்திருந்தேன்.

குத்தகைக்காரரின் களம் ரோட்டை ஒட்டித்தான். மிராசுதார் வீட்டு வாசல் வழியாகச் சுற்றிப் போய், அங்கே வைக்கோற்போர் மறைவில் சின்னத்தா லாரியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒரு யானை குடிக்கிற நேரம் ஊற்றினார். களத்தில் குத்தகைக்காரரும் அவர் பெண்சாதியும் தெருப்பெண்களும் வைக்கோல் பக்கம் நின்றிருந்தார்கள். யாரும் லாரிக்குக் கிட்டே வரவில்லை. பிறகு பானெட்டை மூடிவிட்டு, நடக்கிற வேகத்தில் மதகை நோக்கி ஓட்டினார்.

மதகுக்கட்டைமேல் ஒரு குடையின்கீழ் காரியஸ்தர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். பக்கத்தில் தடிகளோடு சிலர். எட்டத்தில் வாய்க்கால்மேல் தென்னைமரப் பாலத்தருகே இன்னும் இரண்டு பேர். எங்கள் லாரி வருவதை அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், தரகர் மாட்டைப் பார்ப்பதுபோல. வண்டி நின்றதும் ஆட்களிடம் திரும்பி, “முப்பது மூட்டை. ஒண்ணு ரெண்டு கூட இருக்கலாம். குறையாது” என்றார்.

“காலி வண்டிங்க ஐயா” என்றார் சின்னத்தா. குரல் நடுங்கியது. அவர் குரல் நடுங்கி நான் அதற்குமுன் கேட்டதேயில்லை.

“யார்கிட்ட பாய் கதை விடுறே? எத்தனை வருஷமா லாரி பார்க்கிறேன். காலி வண்டி கழுத்தை இப்படித் தூக்குமா? பின்பாரம் இல்லாமலா தூக்கும்? களத்துல என்ன வேலை உனக்கு?”

“தண்ணி ஊத்தினேங்க. சத்தியமாப் பின்னாடி ஒண்ணுமே இல்லீங்க.”

பொய்ச் சத்தியம். அதுவும் அந்த ஜின் காது கேட்கிற தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“இருக்கு!” என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “டேய், சும்மா இருடா!” என்று சின்னத்தா போட்ட சத்தம் வாய்க்கால் கரைவரை கேட்டிருக்கும்.

காரியஸ்தர் குடையோடு ஜன்னலோரம் வந்தார். குரலில் வெல்லம் வழிந்தது. “என்ன தம்பி இருக்கு? சொல்லு.”

“சொல்லக் கூடாது.”

“யார் சொன்னா, சொல்லக் கூடாதுன்னு?”

“சின்னத்தா.”

“அப்படியா! எங்க இருக்கு? அதைமட்டும் சொல்லு.”

“பின்பலகையோரம்.”

“நிறைய இருக்கா?”

“ஒண்ணுதான். ஆனா ரொம்பப் பெருசு. பார்த்தாத் தெரியாது.”

காரியஸ்தர் நிமிர்ந்தார். ஒரு மனிதன் தன் புத்திசாலித்தனத்தைத் தானே கண்டு வியக்கும்போது முகம் எப்படியிருக்கும் என்பதை அன்று பார்த்தேன். “கேட்டீங்களாடா? பார்த்தாத் தெரியாதாம். அடியில கள்ளப்பலகை அடிச்சு மறைச்சிருக்கான். அந்தப் பாலத்துல நிக்கிற ரெண்டு பேரையும் கூப்பிடு. கடப்பாறை எடுத்துக்கிட்டு ஓடிவரச் சொல்லு!”

அவர்கள் ஓடிவந்தார்கள். சின்னத்தாவின் முடிச்சுகள் பல்லுக்கும் மசியவில்லை. ஒருவழியாகப் படுதாவைத் தூக்கினால் உள்ளே வெற்றுப் பலகைத் தளம்தான். “எப்படி அடிச்சிருக்கான் பாரு, ஒரு சந்து தெரியுதா?” என்று காரியஸ்தர் பாராட்டினார். தடியர்களில் ஒருவன், மீசையும் தாயத்துமாக இருந்தவன், என்னிடம் வந்து, “பெருசுன்னியே, என்னடா அது?” என்றான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏறப்போகிறவனுக்குத் தெரியவேண்டாமா? மூச்சுக்குள்ளே, “ஜின்” என்றேன். அவன் தாயத்தைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, எனக்குக் காலையிலேருந்து முதுகுப் பிடிப்புங்க” என்று ரோட்டோரம் போய் உட்கார்ந்துவிட்டான்.

கடப்பாறை பலகையில் இறங்கிய சத்தம் கேட்டதும் நான் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அது இப்போது எழுந்துவிடும். எழுந்து, யார் காட்டிக்கொடுத்தது என்று கேட்கும். தெரிந்த சூராக்களையெல்லாம் ஓதினேன். அவை தீர்ந்துபோய், வாய் நிற்கப் பயந்து, வாய்ப்பாட்டுக்குப் போய்விட்டேன். ஏழாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தடுமாறுகிறவன் அன்று ஒரு பிசகில்லாமல் சொன்னேன்.

பின்னால் சின்னத்தாவின் புலம்பல் ஓயவில்லை. “ஐயா, எதை வேணாப் பெயருங்க, அந்த ஓரத்துப் பலகையை மட்டும் விட்டுடுங்க!” அந்த ஓரத்துப் பலகையைப் பெயர்த்தார்கள். கீழே ரோடு தெரிந்தது. “இந்தப் பக்கத்துப் பலகையைத் தொடாதீங்க ஐயா, புள்ளகுட்டிக்காரன்!” அதையும் பெயர்த்தார்கள். அதற்குக் கீழேயும் ரோடுதான்.

தூறல் விழத் தொடங்கியது. காரியஸ்தருக்குப் பொறுமை போய்விட்டது. “அப்புறம் ஏன்யா வண்டி இப்படி நிக்குது?”

“முன்பட்டை மாத்தினேங்க. அது டீசல் லாரிப் பட்டை. டீசல் இன்ஜினு கனம் கூட. நம்மது பெட்ரோல் வண்டி, அதை அமுக்கற எடை இல்லை. மூக்கு தூக்கிக்கிச்சு.”

“கதை.”

“வேணும்னா உங்க ஆளுங்களை எல்லாம் பானெட்டுமேல உட்காரச் சொல்லிப் பாருங்க.”

உட்கார்ந்தார்கள். பானெட்டில், மட்கார்டில், படியில், பம்பரில், முதுகுப் பிடிப்புக்காரனைத் தவிர எல்லோரும், மழையில். மூக்கு தாழ்ந்தது. காரியஸ்தர் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். “இறங்குங்கடா.” இறங்கினார்கள். மூக்கு எழுந்தது. “ஏறுங்கடா.” ஏறினார்கள். இப்படி எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, சீட்டு என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. ஜின் எழுந்து உட்காருகிறது என்றே நினைத்தேன். கடைசியில் காரியஸ்தர் குடையை மடக்கினார், மழை நன்றாகப் பெய்துகொண்டிருந்தபோதே.

சின்னத்தா விடவில்லை. “ஐயா, பெயர்த்த பலகையை அடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க. இப்படிக் கொண்டுபோனா எங்க அண்ணன் என்னை வெட்டிப்போடுவார்” என்று கிட்டத்தட்ட அழுதார். ஆணிகூட அவரிடமே இருந்தது. அவர்கள் அடித்துக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். பஜாரில் நிறுத்தி, ரவையும் நெய்யும் மணக்கிற தம்ரூட் ஒரு பெரிய துண்டு எனக்கு வாங்கிக் கொடுத்தார். “நல்லாச் சொன்னேடா” என்றார். காட்டிக்கொடுத்ததற்கு அடி விழும் என்று காத்திருந்தவன் நான். அடிக்குப் பதில் இனிப்பு வந்தால் யாரும் விசாரணை வைப்பதில்லை. நெய்க்கையை நக்கிக்கொண்டு, கடப்பாறைச் சத்தத்துக்கு ஜின் ஓடிப்போயிருக்கும், ஆகவே ஓட்டியவன் நான்தான், என்று கணக்கை முடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சாவிச் சாக்கு மறுபடி வெளியே வந்தது.

“இப்ப உருவலாமாடா?” என்றார் அத்தா.

“இப்ப உருவலாம்ணே.”

ஜாக்கி ஏறியது. போல்ட்டுகள் கழன்றன. ஒவ்வொரு பக்கத்திலும் அடுக்கின் நடுவிலிருந்து இரண்டு தகட்டை உருவி, மிச்சத்தைச் சேர்த்து மாட்டினார். சக்கரத்தைத் தரையில் இறக்கி, நாங்கள் எல்லோரும் லாரியை முன்னும் பின்னுமாகத் தள்ளிய பிறகுதான் போல்ட்டுகளை முறுக்கினார். தொங்கவிட்டபடி முறுக்கினால் பட்டை அந்த உயரத்திலேயே பிடித்துக்கொள்ளுமாம், பாரம் இறங்கி உட்கார்ந்த பிறகு முறுக்கினால்தான் வண்டி மட்டமாக நிற்குமாம். இவ்வளவு தெரிந்தவர் இத்தனை நாள் எங்களை ஏன் பானெட்டில் குதிக்கவைத்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அம்மா பசியாறக் கூப்பிடுவதற்குள் வேலை முடிந்துவிட்டது, ஒரு நட்டுகூட மிஞ்சவில்லை. அத்தா டயருக்கு மேலே கையை விட்டுப் பார்த்தார். நான்கு விரல் நுழைந்தது. தலையணைகளை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவர் சவாரிக்குக் கிளம்பினார்.

அந்தச் சனிக்கிழமை நான் எதற்காக அந்த முன்சீட்டில் இருந்தேன் என்பது எனக்குப் புரிய வருஷங்களாயின. உள்ளே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிற வண்டிக்கு எவனும் லேசில் நெருப்பு வைக்கமாட்டான். ‘இருக்கு’ என்று நான் கத்தியது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அது என் சொந்தப் பயம். சின்னத்தா சாகும்வரை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் கல்யாணத்துக்கு வந்திருந்த குத்தகைக்காரரின் பெண்சாதிதான், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

நடந்தது இதுதான். லாரியில் ஒன்றும் இல்லை. காரியஸ்தரின் ஆட்கள் எங்கள் பானெட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் வாய்க்கால் பாலத்தில் காவலுக்கு ஆளில்லை. மழையும் லாரியும் மறைக்க, தெருப்பெண்கள் களத்து நெல்லைக் கூடை கூடையாகத் தலையில் தூக்கி, அந்தத் தென்னைமரத்தின்மேல் நடந்து, தங்கள் வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மிராசுதாரின் வண்டிகள் போலீசோடு வந்தபோது களத்தில் நனைந்த பதர்தான் கிடந்தது.